வளவுக்கு வந்த வானும் வாசலைத் தாண்டிய வயரும்



இந்த மாதம் சமையற் குறிப்பை ஒதுக்கி வைத்துவிட்டு உங்களிடம் ஒரு கேள்வி கேட்கப் போகிறேன். உங்கள் வீட்டின் மெயின் சுவிச் எந்தச் சுவரில் இருக்கிறது? இருட்டில் தட்டுத் தடுமாறாமல் போய் அதை உங்களால் நிறுத்த முடியுமா? பதில் சொல்லச் சிறிது நேரம் எடுத்திருந்தால், இந்தப் பக்கம் உங்களுக்காகத்தான்.

சென்ற சில வருடங்களாக நம் நாட்டிலும் கேம்பர் வான்கள் வாடகைக்குக் கிடைக்கின்றன. வானுக்குள்ளேயே கட்டில், சின்னதாக ஒரு குசினி, மின்விசிறி, சிலவற்றில் குளிரூட்டி என்று ஒரு நடமாடும் வீடு. பாசிக்குடாக் கடலைப் பார்க்க வருகிறவர்கள் அப்படியே நம் ஊர்ப் பக்கம் திரும்பி, உறவினர் வளவில் வானை நிறுத்தி, வீட்டிலிருந்து ஒரு வயரை இழுத்துக் கொள்கிறார்கள். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது.

அது ஒரு டிசம்பர் விடுமுறை. கொழும்பிலிருந்து என் ராத்தாவின் மகன், மனைவி பிள்ளைகளோடு வந்தார். வீடு ஏற்கனவே விருந்தாளிகளால் நிறைந்திருந்தது. "எங்களுக்கு அறை வேணாம் சாச்சி, கரண்ட் மட்டும் தந்தாப் போதும்" என்றார். குசினி ஜன்னல் வழியாக ஓர் எக்ஸ்டென்ஷன் வயர் வெளியே போனது. மாமரத்தடியில் நின்ற வானில் விளக்கு எரிந்தது. பிள்ளைகளுக்கோ பெருநாள் சந்தோஷம்.

அன்றிரவு மழை கொட்டியது. சுபஹுக்கு முன் எழும்பிப் பார்த்தால் வீடு முழுக்க இருட்டு. ட்ரிப் சுவிச் விழுந்திருந்தது. மருமகன் அதைத் தூக்கிவிட்டார், விழுந்தது. மறுபடியும் தூக்கினார், மறுபடியும் விழுந்தது. "இந்த சுவிச் பழுது சாச்சி. இத விட்டுட்டு நேரடியாக் குடுப்பம். ரெண்டு வயர மாத்தினாச் சரி" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், நான் 'சரி மகன்' என்று சொல்லிவிட்டேன். வானுக்குள் கைக்குழந்தை வேர்வையில் அழுதுகொண்டிருந்தது. வந்த விருந்தாளிகளைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்பதைத் தவிர வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. அந்த நேரம் பாங்கு சொன்னது. "தொழுதிட்டு வந்து செய்றன்" என்று அவர் பள்ளிக்குப் போனார். நானும் வுழூச் செய்யக் கிணற்றடிக்குப் போனேன்.

தொழுகை முடிந்ததும், எங்கள் வீட்டுக்கு வயரிங் செய்து தந்த பெரியவருக்கு ஒரு கோல் எடுத்துப் பார்ப்போம் என்று தோன்றியது. அவர் வந்து வயரைக் கழற்றினார், வானுக்குள் ஏறி இறங்கினார், பிறகு என்னிடம் சொன்னார்: "சுவிச் பழுதில்ல புள்ள. வான்தான் பழுது. இந்த சுவிச் விழாம இருந்திருந்தா, இப்ப நான் வேற காரியத்துக்கு வந்திருப்பன்."

வானிலிருந்த மின்சாரக் கேத்தலின் வயர் உரசித் தேய்ந்து, உள்ளிருக்கும் செம்பு வானின் தகரத்தில் தொட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் கொடுத்த எக்ஸ்டென்ஷன் வயருக்குத் தலையில் மூன்று முள் இருந்தாலும் உள்ளே ஓடியது இரண்டு கம்பிதான். எர்த் கம்பியே இல்லை. வானில் ஏறுவதற்கு வைத்த இரும்புப் படி முதல் நாள் காய்ந்த பலகை மேல் நின்றது. மழையில் பலகை சரிந்து, படி ஈர மணலில் ஊன்றியது. அதன் வழியே மின்சாரம் நிலத்துக்குக் கசிந்தது. அதைக் கண்டுதான் சுவிச் விழுந்தது. நாங்கள் அந்தக் காவற்காரனை வேலையை விட்டு நிறுத்தப் பார்த்தோம்!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுவிச்சை விட்டு நேரடியாகக் கொடுத்திருந்தால், அன்று காலை முதலில் வானின் கதவைத் தொட்டிருக்கப் போவது யார்? வுழூச் செய்த ஈரக் காலோடு, செருப்பில்லாமல், தேநீர்த் தட்டை ஏந்திக்கொண்டு போகும் நான்தான்.

வெளியில் நிற்பவருக்கே ஆபத்து

மின்கம்பியில் காகம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஒன்றும் ஆவதில்லை. அதன் உடல் வழியாக மின்சாரம் நிலத்துக்குப் போக வழியில்லை. வானும் அப்படித்தான். நான்கு ரப்பர் டயர்களின் மேல் நிற்கும் தகரப் பெட்டி அது. ஒரு வயர் தேய்ந்து தகரத்தில் பட்டால் வானின் உடல் முழுதும் 230 வோல்ற்று ஏறிவிடும். உள்ளே படுத்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. வெளியிலிருந்து, நிலத்தில் கால் ஊன்றி, கதவின் கைபிடியைத் தொடுபவருக்குத்தான் அடிக்கும். உணவு கொண்டு போகும் தாய், பந்து பொறுக்க ஓடும் பிள்ளை, கூட்டிப் பெருக்க வரும் பெண் என்று பெரும்பாலும் நம்மவர்களே அந்த இடத்தில் நிற்கிறோம்.

நமது நிலமும் இதற்குத் துணை போகிறது. ஏறாவூரிலிருந்து கல்முனைப் பக்கம் வரை நீளும் மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவில் ஒடுங்கிய மணல் நிலத்தில் நம் ஊர்கள் பல இருக்கின்றன. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் ஒரு சாண் தோண்டினாலே தண்ணீர் ஊறும் வளவுகள் உண்டு. உப்புக் காற்று பிளக்கின் முள்ளையும் திருகாணியையும் அரித்துவிடுகிறது. ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்பவரின் உடல் வழியே மின்சாரம் மிக இலகுவாக இறங்கும்.

பியூஸ் இருக்கிறதே, போதாதா?

போதாது, சகோதரிகளே. பியூஸ் காப்பாற்றுவது வயரை. ட்ரிப் சுவிச் காப்பாற்றுவது உயிரை. இந்த வேறுபாட்டை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

முந்திய நாளில் பாவித்த 40 வோட் குண்டு பல்பு நினைவிருக்கிறதா? அது எரிவதற்கு ஓடும் மின்சாரத்தில் சுமார் ஆறில் ஒரு பங்குதான் 30 மில்லி அம்பியர். அதைவிடச் சற்றுக் கூடுதலாக, 50 மில்லி அம்பியர் அளவு ஒருவரின் நெஞ்சு வழியாக ஓரிரு விநாடி ஓடினாலே இதயத் துடிப்பு குழம்பி நின்றுவிடக்கூடும். ஆனால் 15 அம்பியர் பியூஸ் 15,000 மில்லி அம்பியர் வரை அமைதியாக விட்டுக்கொடுக்கும். மனிதரைக் கொல்லும் மின்சாரம் பியூசுக்கு ஒரு பொருட்டே அல்ல.

'எர்த் கம்பி இருந்தால் பியூஸ் போய்விடும்தானே' என்று சிலர் கேட்பார்கள். நம் நாட்டில் பெரும்பாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக நிலத்தில் கம்பி அறைந்துதான் எர்த் எடுக்கிறார்கள். மணல் நிலத்தில், அதுவும் கோடையில் காய்ந்த மணலில், அந்தக் கம்பிக்கும் மண்ணுக்கும் தொடர்பு பலவீனமாக இருக்கும். மின்சாரம் திரும்பும் வழியின் தடை 50 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230ஐ 50ஆல் வகுத்தால் 4.6 அம்பியர். 15 அம்பியர் பியூஸ் இதற்குப் போகாது. வான் மின்னேறியபடியே நிற்கும்.

30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச்சோ, போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமா என்று எந்நேரமும் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. கணக்கு பிசகினால், அதாவது யாருடைய உடல் வழியாகவோ ஈர மண் வழியாகவோ கொஞ்சம் வெளியே போனால், கண் இமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். எர்த் கம்பியும் ட்ரிப் சுவிச்சும் சேர்ந்து இருந்தால், யாரும் தொடுவதற்கு முன்பே அது விழும். எர்த் இல்லாவிட்டால், ஒருவர் தொட்ட பிறகே விழும். ஆகவே இரண்டும் வேண்டும்.

அந்தச் சுவிச்சில் 'டெஸ்ட்' என்று எழுதிய சிறிய பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒரு தடவை அதை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அது சுவரில் மாட்டிய அலங்காரப் பொருள்தான். அன்றே ஆளைக் கூப்பிட்டு மாற்றுங்கள். அடிக்கடி விழுந்தால் அதைத் திட்டாதீர்கள். எங்கே கசிகிறது என்று தேடுங்கள். எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டு, சுவிச்சைத் தூக்கி, ஒவ்வொன்றாகப் பூட்டுங்கள். எதைப் பூட்டியதும் விழுகிறதோ அதுதான் குற்றவாளி.

வயரைக் கையில் எடுத்துப் பாருங்கள்

வளவுக்குக் கொண்டு போகும் வயருக்குள் மூன்று கம்பிகள் இருக்க வேண்டும். பழைய வயரிங்கில் சிவப்பு மின் வரும் கம்பி, கறுப்பு திரும்பும் கம்பி, பச்சை எர்த். இப்போதைய வயர்களில் மண்ணிறம், நீலம், பச்சையும் மஞ்சளும் கலந்தது. வெளிநாடுகளில் இத்தகைய வான்களுக்கென்றே 25 மீற்றர் நீளமும் 2.5 சதுர மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட, ரப்பர் உறை போட்ட வயர் விற்கிறார்கள். அதன் நுனியில் மூடியுள்ள, மழைத் தண்ணீர் படாத நீலப் பிளக் இருக்கும். கல்யாண வீட்டுக்கு மின்குமிழ் கட்டும் மெல்லிய இரட்டை வயர் இந்த வேலைக்கு ஆகாது.

நம் வீடுகளில் இன்னொரு பழக்கம் உண்டு. பிளக்கின் மூன்றாவது துளையில் பேனா மூடியையோ ஈர்க்கிலையோ செருகி, இரண்டு முள் பிளக்கைத் திணிப்பது. இலங்கையில் 13 அம்பியர் சதுர முள் பிளக்கை 2016இல் தேசிய தரமாக அறிவித்தார்கள். ஆனாலும் நம் சுவர்களில் உருண்டைத் துளையும் சதுரத் துளையும் கலந்தே கிடக்கின்றன. அந்த மூன்றாவது முள்தான் எர்த். பேனா மூடியால் அந்த இடத்தை அடைத்தால், உயிரைக் காக்கும் கம்பியைத்தான் அடைக்கிறோம்.

வயரில் ஒட்டுப் போட்டு டேப் சுற்றிய இடம் இருந்தால் அதை வெளியே கொண்டு போகாதீர்கள். இரண்டு வயர்களைப் பொருத்தி நீட்டி, அந்தப் பொருத்தைப் புல்லில் போட்டு, மேலே ஷொப்பிங் பை கட்டினால் மழை கேட்காது. கதவிடுக்கிலும் ஜன்னலிலும் வயர் நசியக் கூடாது. வான் ஏறி இறங்கும் தடத்தில் கிடக்கக் கூடாது.

எத்தனை சாமான் தாங்கும்?

கணக்கு இலகு. சாமானில் எழுதியிருக்கும் வோட்டை 230ஆல் வகுத்தால் அம்பியர் வரும். 2000 வோட் கேத்தலுக்கு 8.7 அம்பியர். 700 வோட் ரைஸ் குக்கருக்கு 3. குளிரூட்டி 1000 வோட் என்றால் 4.3. மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் 16 அம்பியர். 13 அம்பியர் பிளக் இதைத் தாங்காது. பழைய 5 அம்பியர் பிளக் நினைத்தும் பார்க்கக் கூடாதது. ஆகவே சமையலை வீட்டுக் குசினியில் வைத்துக்கொள்ளுங்கள். வானுக்கு விளக்கும் விசிறியும் போன் சார்ஜரும் போதும்.

உருளையில் சுற்றிய வயராக இருந்தால், தேவை 5 மீற்றர்தான் என்றாலும் முழுவதையும் அவிழ்த்து விடுங்கள். சுற்றியபடி இருந்தால் உள்ளே ஏறும் சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகிவிடும். பூட்டி அரை மணித்தியாலம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் சுவிச்சை நிறுத்திவிட்டுக் கழற்றுங்கள்.

பூட்டவும் கழற்றவும் ஓர் ஒழுங்கு

பூட்டும்போது: ட்ரிப் சுவிச்சை டெஸ்ட் செய்யுங்கள். வீட்டுப் பிளக்கின் சுவிச்சை நிறுத்துங்கள். வயரை முதலில் வானில் பூட்டுங்கள். பிறகு வீட்டில் பூட்டுங்கள். கடைசியாகச் சுவிச்சைப் போடுங்கள்.

கழற்றும்போது இதன் மறுதலை. முதலில் வீட்டுச் சுவிச், பிறகு வீட்டுப் பிளக், கடைசியாக வான். இந்த ஒழுங்கில் செய்தால் மின்னேறிய வயர் நுனி ஒருபோதும் ஈரப் புல்லில் கிடக்காது. வானுக்குள் சுவிச்சை நிறுத்தியதை நம்பி வேலை செய்யாதீர்கள். எங்கோ கம்பிகள் மாறிப் பூட்டுப்பட்டிருந்தால், சுவிச் நின்றும் மின்சாரம் நிற்காது. வீட்டுப் பிளக்கைக் கழற்றினால்தான் நிச்சயம்.

வானைத் தொட்டதும் விரல் நுனியில் இலேசாகச் சிலிர்த்தால், 'ஒண்டுமில்ல, சும்மா' என்று விடாதீர்கள். அது எச்சரிக்கை. பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் போய் நிறுத்துங்கள்.

வானிலிருந்து வீட்டுக்கு வேண்டவே வேண்டாம்

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி இருளும் நேரத்தில், வானில் பெட்டரியும் ஜெனரேட்டரும் இருக்கிறதே, அதிலிருந்து வீட்டுக்குக் கரண்ட் எடுப்போம் என்று யாருக்காவது யோசனை வரும். அதற்காக இரண்டு நுனியிலும் முள் பிளக் பூட்டிய வயர் ஒன்றைச் செய்வார்கள். ஒரு நுனியைச் செருகியதும் மறு நுனியின் முள் வெளியே தெரிய மின்னேறி நிற்கும். பிள்ளை தொட்டால் அவ்வளவுதான்.

அதோடு முடியவில்லை. அந்த மின்சாரம் மீற்றர் வழியாகத் தெருக் கம்பிக்குப் போகும். அங்கிருந்து ட்ரான்ஸ்போமருக்குப் போனால், 33,000 வோல்ற்றுக் கம்பியில் அது பெருகி ஏறும். கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறி நிற்பவரும் ஓர் உம்மாவின் பிள்ளைதான். வீட்டையும் தெருக் கம்பியையும் பிரிக்கும் மாற்றுச் சுவிச் முறைப்படி பொருத்தாமல் எந்த ஜெனரேட்டரையும் வீட்டு வயரிங்கில் பூட்ட விடாதீர்கள்.

யாருக்காவது பிடித்துவிட்டால்

ஓடிப் போய்க் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்களையும் சேர்த்துப் பிடிக்கும். முதலில் மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். முடியாவிட்டால், காய்ந்த இடத்தில் நின்று, காய்ந்த தடியாலோ பிளாஸ்டிக் கதிரையாலோ வயரைத் தள்ளுங்கள். பிறகு 1990க்கு அழையுங்கள். அது இலவச அம்புலன்ஸ். ஆள் பதில் சொல்லாமல், மூச்சும் சரியாக இல்லாவிட்டால், நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, இரண்டு அங்குலம் தாழும்படி பலமாக அழுத்துங்கள். அம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். விழுந்து கிடப்பவர் ஆணா பெண்ணா, சொந்தமா அந்நியமா என்று தயங்கும் நேரம் அதுவல்ல. எழும்பி நடந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்க் காட்டுங்கள். இதயத்துக்குப் பட்ட பாதிப்பு வெளியே தெரியாமல் இருக்கலாம்.

வீடு யாருடையது?

எங்கள் வளவுக்கு வான் வராதே என்கிறீர்களா? கல்யாணப் பந்தலுக்கு இழுக்கும் வயரும், கிணற்றடி மோட்டருக்குப் போகும் வயரும், பக்கத்து வீட்டுக்கு மதிலுக்கு மேலால் கொடுக்கும் வயரும் இதே சாதிதான். வாசலைத் தாண்டும் ஒவ்வொரு வயருக்கும் மேலே சொன்னதெல்லாம் பொருந்தும்.

நமது ஊர்களில் வீடு பெண்ணுக்குத்தான் கொடுக்கப்படுகிறது. உம்மாவும் வாப்பாவும் பாடுபட்டுக் கட்டி, மகளின் பெயரில் எழுதி, மருமகனை அந்த வீட்டுக்கு அழைத்து வருகிறார்கள். உறுதி நமது பெயரில் இருக்கிறது. ஆனால் மெயின் சுவிச் எங்கே என்று யாராவது கேட்டால் நாம் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்கிறோம். அன்று சுபஹுக்கு முன் நானும் அப்படித்தான், தெரிந்தவர்கள் சொல்கிறார்கள் என்று தலையாட்டினேன்.

அன்று காலை அந்தப் பெரியவர் எர்த் உள்ள புதிய வயர் ஒன்றைக் கொண்டு வந்து போட்டார். பழுதான கேத்தலை வானிலிருந்து இறக்கினோம். மருமகனும் வெட்கத்தோடு சிரித்து, "இனி உங்களக் கேக்காமத் தொட மாட்டன் சாச்சி" என்றார். என்னைக் கேட்டபோதும் நான் சரி என்றுதானே சொன்னேன் என்று அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன்.

இந்தப் பக்கத்தை மூடியதும் எழும்பிப் போய் ட்ரிப் சுவிச்சின் அந்தச் சிறிய பொத்தானை ஒரு தடவை அழுத்துங்கள். உங்கள் மகளையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். நாளைக்கு அவளுக்கும் ஒரு வீடு வரும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.